கரும்புகையும் வலுக்குறைவும்

மேட்டில் ஏறும்பொழுது வலுவிழந்து, பின்புறம் கரும்புகை கக்கிச் செல்லும் டீசல் மோட்டார் வண்டியைக் காணாதார் இலர். "வண்டி இழுக்கவில்லை" என்று ஓட்டுநர் முறையிடுவர். "டர்போ போய்விட்டது, மாற்றவேண்டும்" என்று பட்டறையில் விடை கிடைப்பதும் உண்டு. டர்போவோ விலை மிக்க உறுப்பு. வாடகை வண்டியோட்டிப் பிழைப்பார்க்கு அச்செலவு பலநாள் வருவாயை விழுங்கிவிடும். உண்மைக் குற்றம் பிறிதோரிடத்து இருப்பின், பணம் போனதன்றிப் புகையும் நில்லாது. மருந்துக்கு முன்னர் நோயின் காரணத்தை நாடவேண்டும் என்னும் வள்ளுவர் கருத்து மனிதவுடலுக்கே யன்றி யந்திரத்துக்கும் பொருந்தும். அங்ஙனம் நாடும் முறையை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவோம்.

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியறிஞர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய யந்திரத்தில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை மிக இறுக அமுக்க அது கொதிப்படைகின்றது. அக்கொதிப்பில் எண்ணெயைத் தூவ, அது தானே பற்றியெரிகின்றது. ஒரு பங்கு எடையுள்ள டீசல் முற்றும் எரிவதற்கு ஏறக்குறைய 14.5 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். காற்றுக் குறையின், எரியாது எஞ்சிய கரி புகையாய் வெளிவரும். எரியாத எண்ணெய் வலுவும் தாராது. ஆகவே கரும்புகையும் வலுக்குறைவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை என்பதே அவை கூறும் செய்தி.

இனி, டர்போவின் தொழில் யாதெனில், கழிவுப்புகையின் விசையால் சுழன்று காற்றை யந்திரத்துள் திணிப்பதாம். சுவிட்சர்லாந்து நாட்டினரான ஆல்பிரட் பியூக்கி 1905-ஆம் ஆண்டில் இதற்கு உரிமைச் சாசனம் பெற்றார். 2007-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வெளிவந்த மாருதி சுவிப்ட் டீசல் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் யந்திரக் கொள்ளளவு 1,248 கன சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 2,000 முறை சுழலும்போது, டர்போ இல்லையேல், அது நிமிடத்திற்கு 1,248 லிட்டருக்கு மேல் காற்றை இழுத்தல் இயலாது. வாயுமண்டல அழுத்தத்திற்கு ஈடான மற்றோர் அழுத்தத்தை டர்போ சேர்க்குமாயின், உட்புகும் காற்று ஏறக்குறைய இருமடங்காகும். இத்துணைக் காற்றும் ரப்பர்க் குழாய்கள் வழியே செல்கின்றது என்பதை மறத்தலாகாது.

குழாயில் ஒரு வெடிப்பு நேர்ந்தால் நிகழ்வது என்ன? பல வண்டிகளில் காற்றை அளக்கும் கருவி டர்போவுக்கு முன்னரே அமைந்துள்ளது. அளந்த காற்றுக்கு ஏற்ப வண்டியின் கணினி எண்ணெயைத் தூவுகின்றது. ஆனால் அக்காற்றில் ஒரு பகுதி வெடிப்பின் வழியே ஓடிவிடுகின்றது. கணக்கில் வந்தது களஞ்சியம் சேரவில்லை, விளைவு கரும்புகை. இதற்கு மாறாக, அளவுகருவி அழுக்கேறிக் குறைத்துக் காட்டினால், கணினி எண்ணெயையும் குறைத்துவிடும். அப்போது வலுக் குறையுமேயன்றிப் புகை மிகாது. எண்ணெய் பில்டர் அடைபட்டாலும் அவ்வாறே. ஆதலின், வலுக்குறைவோடு புகை உண்டா இல்லையா என்பதே முதல் வினா.

புகை உண்டெனில், யந்திரம் சூடாறிய பின் எளியவற்றினின்று தொடங்குக. முதலாவது, ஏர் பில்டரைத் திறந்து பார்க்க. இரண்டாவது, டர்போவிலிருந்து யந்திரம் வரையுள்ள குழாய்களையும் கிளாம்புகளையும் கைவிட்டுத் தடவுக. பெரும்பாலும் வெடிப்பு கீழ்ப்புறத்தில் ஒளிந்திருக்கும். எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்குங்கால் "உஸ்" என்னும் ஓசை எழுவதும் அதன் அடையாளமே. மூன்றாவது, கழிவுப்புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். வால்வு. இது கரி படிந்து திறந்தபடியே நின்றுவிடின், தூய காற்றின் இடத்தைப் புகை கவர்ந்துகொள்ளும். நான்காவது, டர்போவை இயக்கும் மெல்லிய வாக்குவம் குழாய்கள். இவற்றுள் ஒன்று கழன்றாலும் டர்போ செயலற்றது போலத் தோன்றும்.

ஸ்கேனரில் "பி 0299" என்னும் குறி தோன்றினால், அழுத்தம் போதவில்லை என்பதே அதன் பொருள். டர்போ கெட்டது என்று அது கூறவில்லை. அழுத்தங்காட்டும் கருவியையும் சோதித்தல் வேண்டும். யந்திரம் ஓடாதபோது சாவியைத் திருப்பினால் அது சுற்றுப்புற அழுத்தத்தைக் காட்டவேண்டும். சென்னையில் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஏறக்குறைய 77. இதனின்று பெரிதும் மாறுபடின் கருவி பொய் சொல்லுகின்றது.

இவை யாவும் பழுதற்றிருப்பின் டர்போவையே நோக்குக. அதன் இறக்கைகள் உறையில் உராய்ந்திருந்தாலும், அச்சு முன்பின் அசைந்தாலும், நீலப்புகையுடன் எண்ணெய் செலவானாலும் குற்றம் அதனுடையதே. அவ்வாறாயினும் அது ஏன் மாண்டது என்று வினவுக. நிமிடத்திற்கு இலட்சம் முறைக்கு மேல் சுழலும் அச்சு எண்ணெய்ப் படலத்தாலேயே உயிர்வாழ்கின்றது. எண்ணெய் செல்லும் குழல் அடைபட்டிருக்கப் புதிய டர்போவைப் பொருத்தினால், அதுவும் விரைவில் மாளும். யந்திரம் சும்மா ஓடும்போதும் புகையும் தட்டோசையும் எழுமாயின், ஒழுகும் இன்ஜெக்டரை ஐயுறுக.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் கரியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. அவற்றில் கரும்புகை தோன்றின், அவ்வடிகட்டி உடைந்ததாகவோ அகற்றப்பட்டதாகவோ கருதலாம்.

டீசல் புகை புற்றுநோய் விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2012-இல் உறுதிசெய்தது. வண்டியின் பின்னே நடந்து செல்வோரும், சாலையோரத்தில் கடை வைத்திருப்போரும் அப்புகையையே சுவாசிக்கின்றனர். ஆகவே காரணத்தை முறையாக நாடித் தீர்த்தல் உடையவன் பொருளைக் காப்பதோடு, அயலான் மூச்சையும் காக்கும் அறமாகும்.