படகிலே மின்கம்பி



டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பிய பழவேற்காட்டை ஒட்டிக் கோட்டைக்குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அவ்வூரார் ஏரியிலும் தொழில் செய்வர். முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்கும் செல்வர். என்னிடம் பயின்ற ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் அங்கே 30 அடி நீளமுள்ள பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, டீசல் எஞ்சின் பொருத்திப் புதுப்பித்தார். மின்சார வேலைக்கு, வீடுகளுக்குக் கம்பி இழுத்துப் பழகிய ஒருவரை அமர்த்தினார். வேலை பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் மூன்றாம் மாதம், விடியுமுன் இருட்டில் கரை திரும்பும்போது, எதிரே வந்த படகொன்று மோதும் தறுவாயில் விலகிச் சென்றது. “விளக்கு இல்லாமலா வருகிறீர்கள்?” என்று அப்படகினர் கூவினர். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எண்ணெய் வற்றிய அகலைப்போல் சிவந்து, மங்கி எரிந்துகொண்டிருந்தது.

“பாட்டரி புதிது, விளக்கும் புதிது, வெளிச்சம் எங்கே போயிற்று, ஐயா?” என்று அவர் என்னை வந்து கேட்டார்.

வெளிச்சத்தில் ஒரு பங்கு கம்பியிலே போயிற்று. மற்றொரு பங்கு களிம்பிலே போயிற்று. முதலிற் கம்பியைப் பார்ப்போம்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமுடையது. படகின் பாட்டரியோ 12 வோல்ட்டுதான். 24 வாட்டு விளக்கொன்று வீட்டில் எரிய ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஓட்டம் போதும். அதே 24 வாட்டு விளக்குக்குப் படகில் 2 ஆம்பியர் வேண்டும். ஓட்டம் மிகுந்தால் கம்பியின் தடையால் இழக்கும் அழுத்தமும் மிகும். இதைத்தான் ஓம் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் 1827இல் வெளியிட்ட நூலில் விதியாக வகுத்தார். ஓட்டத்தைத் தடையாற் பெருக்கினால் இழப்புக் கிடைக்கும். பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடும் விதி அது.

ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி, மீட்டர் ஒன்றுக்கு 0.0172 ஓம் தடையுடையது. பாட்டரியிலிருந்து கம்பத்து விளக்கு வரை 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பலர் இவ்விடத்தில் 10 என்றே கணக்கிடுவர், அது பிழை. போன மின்னோட்டம் திரும்பியும் வரவேண்டுமாதலின் கம்பியின் நீளம் 20 மீட்டர். தடை 0.344 ஓம். அதை 2 ஆம்பியராற் பெருக்க, ஏறக்குறைய 0.69 வோல்ட்டு வழியிலேயே போய்விடுகிறது. 230இல் அது தூசு. 12இலோ நூற்றுக்கு ஆறு பங்குக்குச் சற்றே குறைவு. இழை விளக்கின் வெளிச்சம் அழுத்தத்தைவிட மிக விரைவாகக் குறையும் இயல்பினது. ஆகவே ஆறு பங்கு அழுத்தம் குறைந்தால் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கம்பியை 2.5 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் இழப்பு 0.28 வோல்ட்டாகச் சுருங்கும். வழி விளக்குகளுக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இழப்புக் கூடாது என்பது படகு கட்டுவோர் கைக்கொள்ளும் அளவு.

இதற்கு இத்தனை கண்டிப்பு ஏன்? கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கென 1972இல் வகுக்கப்பட்ட அனைத்துலக விதிகள், 12 மீட்டருக்குக் குறைந்த படகின் வெள்ளை விளக்கும் இரண்டு கடல் மைல் தொலைவுக்குத் தெரியவேண்டும் என்கின்றன. பாதி ஒளியில் எரியும் விளக்கு, படகிலுள்ளவர்க்கு விளக்காகத் தோன்றும். எதிரே வருவோர்க்கு இருட்டாகத் தோன்றும்.

இனிக் களிம்பு. மழைக்காலத்தில் ஆரணியாறும் பிற ஆறுகளும் நன்னீரைக் கொணர்ந்து பழவேற்காட்டு ஏரியின் உவர்ப்பைத் தணிக்கும். கோடையிலோ சிற்சில ஆண்டுகளில் ஏரி நீர் கடலினும் மிகுதியாக உப்புக் கரிக்கும். அக்காற்றும் நீரும் பட்ட செம்பு பச்சை பூத்துக் களிம்பேறும். என் மாணவரின் படகில், இரு கம்பிகளை முறுக்கி, ஒட்டுநாடா சுற்றிய மூட்டு ஒன்று, நீர் தேங்கும் அடித்தளத்திலேயே கிடந்தது. நாடாவைப் பிரித்தபோது செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அத்தகைய மூட்டு ஓர் ஓம் தடையைச் சேர்த்தாலே விளக்கின் ஒளி ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

அதனினும் கொடியது ஒன்றிருந்தது. மோட்டார் வண்டியில் வண்டியின் இரும்புடலே மின்சாரம் திரும்பும் வழியாகும். அப்பழக்கத்தில், விளக்கின் திரும்பு கம்பியை எஞ்சினின் ஒரு திருகாணியில் மாட்டியிருந்தார்கள். ஈரத்தின் வழியே கசியும் ஓட்டம் உலோகத்தைக் கரைக்கும். நேர் முனையோடு தொடர்புற்ற செம்பு உப்புநீரில் நனைந்தால் சில நாட்களில் அரித்துப்போகும். உப்புநீரும் உலோகமும் சேருமிடத்தில் மின்சாரம் தொழிற்படுவதை ஹம்ப்ரி டேவி 1824இலேயே ஆராய்ந்து, கப்பலின் செம்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் இணைக்கலாம் என்று காட்டினார். துத்தநாகம் தான் கரைந்து செம்பைக் காக்கும். இன்றும் படகுகளில் துத்தநாகக் கட்டி பொருத்துவது அக்கருத்தைத் தழுவியே.

ஆகவே வேலையை மீண்டும் தொடங்கினோம், முதற்கருவி பென்சில்தான். எவ்வெக்கருவி, எத்தனை ஆம்பியர், இரவில் எத்தனை மணி நேரம் என்று எழுதினோம். விளக்கு 2 ஆம்பியர், 10 மணி: 20. இடமறிகருவி அரை ஆம்பியர், 10 மணி: 5. நீர் இறைக்கும் பம்பு 4 ஆம்பியர், அரைமணி: 2. வானொலித் தொடர்புக் கருவிக்கு 5. ஆக 32 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையுமாதலின் 50ஐ எல்லையாகக் கொண்டோம், போதும். எல்இடி விளக்கு வைத்தால் செலவு இன்னும் வெகுவாகக் குறையும். ஆனால் தரமற்ற எல்இடி விளக்குகள் சில, அருகிலுள்ள வானொலிக் கருவியில் இரைச்சலை எழுப்புவதுண்டு. வானொலியில் பேசுகின்ற நான் இதைச் சொல்லாமல் விடலாகாது.

வெள்ளீயம் பூசிய, பல இழைகள் கொண்ட செம்புக் கம்பியையே வாங்கச் சொன்னேன். விலையைக் கேட்டு அவர் முகம் சுருங்கிற்று. வலைக்குச் செலவிட அஞ்சாதவர் கம்பிக்கு ஏன் அஞ்சவேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தார். ஒவ்வொரு கருவிக்கும் போக ஒன்று, வர ஒன்று என இரு கம்பிகள். அவை அடித்தளத்தைத் தொடாமல் பக்கச் சுவரின் மேற்புறமாகச் சென்றன; முழத்துக்கு ஒரு கட்டு. பெட்டிக்குள் நுழையுமுன் கம்பி சற்றுத் தாழ்ந்து வளைந்து செல்லவேண்டும். வழிந்து வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

பியூஸைப் பற்றி ஒன்று. 12 வோல்ட்டு கையை அதிர்ச்சிக்குள்ளாக்காது. அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பவர் பலர். பாட்டரியின் இரு முனைகளும் நேரே இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி பழுக்கக் காயும். பைபர் உடல் தீப்பற்றக்கூடியது. கரையில்லாத இடத்தில் தீ மூண்டால் ஓட இடமில்லை. பியூஸ் காப்பது கம்பியை. ஆதலால் அது விளக்கின் அருகே இருந்து பயனில்லை. பாட்டரியின் நேர் முனையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். பாட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டமும் வேண்டும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும்.

வேலை முடிந்த மாலையில் விளக்கை ஏற்றி, மீட்டரை வைத்து அளந்தோம். பாட்டரியில் 12.4 வோல்ட்டு, விளக்கின் முனையில் 12.1. கரையில் இருந்த முதியவர் ஒருவர் கண்ணை இடுக்கிப் பார்த்து, அந்த விளக்கைக் கொஞ்சம் மூடுங்கள் என்றார்.