கிழ விமானத்துக்குப் புதுக் கண்!

மழைக்காலத்தில் ஜமுனாமரத்தூர் போயிருக்கிறீர்களா? போளூரிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறும்போதே காது அடைத்துக்கொள்ளும். மேலே போனால், சில நாட்களில் மேகமே ரோட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். எதிரே வரும் லாரி பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். டிரைவர் என்ன செய்வார்? வேகத்தைக் குறைப்பார், விளக்கைப் போடுவார். அப்படியும் முடியாவிட்டால் ஓரமாக நிறுத்திவிட்டு டீக்கடையைத் தேடுவார்.

அதே மேகத்துக்குள் இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்று நுழைந்துவிட்டால்? ஆகாயத்தில் ஓரம் ஏது? நிறுத்துவது ஏது?

அப்போது விமானிக்குத் துணை இரண்டு கண்கள். ஒன்று, முகத்துக்கு எதிரே உள்ள முகப்புக் கண்ணாடி. மற்றொன்று, அதற்குக் கீழே உள்ள கருவிப் பலகை. முன்னது வெளியே பார்க்கும் கண். பின்னது வெளியே எதுவும் தெரியாதபோது பார்க்கும் கண். விமானம் பழசாகும்போது இரண்டுக்கும் திரை விழுகிறது. அந்தத் திரையை நீக்கிப் புதுக் கண் வைக்கும் வித்தைதான் இது.

கிழம், ஆனால் பலசாலி!

வயதான விமானத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அப்படி இல்லை. விமானத்தின் உடலைக் காலம் தவறாமல் சோதிக்கிறார்கள். எஞ்சினை, பறந்த மணிக் கணக்கைப் பார்த்து, முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கிறார்கள். அதனால் ஐம்பது, அறுபது வயதிலும் அது தெம்பாகப் பறக்கும். 1955ல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க 'செஸ்னா 172' ரகத்தில் பழைய விமானங்கள் பல இன்றும் பறந்துகொண்டிருக்கின்றன.

நம் நாடும் சளைத்ததல்ல. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் டாக்டர் காட்கே உருவாக்கிய 'எச்.டி.2' பயிற்சி விமானம் 1951ல் பறந்தது. 1958ல் 'புஷ்பக்' பறந்தது. 90 குதிரைசக்தி எஞ்சின், இரண்டே ஆசனம். பிளையிங் கிளப்புகளில் எத்தனையோ விமானிகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தது இந்தப் புஷ்பக்தான்.

கண்ணாடி அல்லாத கண்ணாடி

சிறு விமானத்தின் முகப்புக் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே அல்ல! 1930களில் வந்த 'அக்ரிலிக்' என்ற பிளாஸ்டிக். கண்ணாடியைவிட லேசு, சூடேற்றினால் வேண்டிய வடிவத்துக்கு வளையும். ஆனால் சுலபத்தில் கீறல் விழும். வெயிலில் கிடந்து கிடந்து மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். பெட்ரோல் பட்டால் இன்னும் மோசம்.

நடுப்பகலில் இந்தக் கீறல்கள் கண்ணில் படுவதில்லை. மாலையில் சூரியனுக்கு எதிரே திரும்பினால் போதும். கண்ணாடி முழுவதும் தகதகவென்று மின்னும். எதிரே வருவது பருந்தா, இன்னொரு விமானமா என்று தெரியாது.

உலர்ந்த துணியால் துடைப்பதும் தவறு. ஒட்டியிருக்கும் தூசியே உப்புத்தாளாகித் தேய்த்துவிடும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் தடவிக் கழுவ வேண்டும்.

மாற்றும்போது பலர் எட்டில் ஒரு அங்குலக் கனத்துக்குப் பதில் கால் அங்குலக் கனம் போடுகிறார்கள். உள்ளே இரைச்சல் குறையும். பறவை மோதினாலும் கூடுதலாகத் தாங்கும். பொருத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். எனவே திருகாணியைவிடத் துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கி முடுக்கினால் ஒரு கோடை தாங்காது, விரிசல் விடும்!

பம்பரமும் பாரமானியும்

இப்போது பலகைக்கு வருவோம். உயரமானி என்பது பாரமானியின் தம்பி. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதை அளந்து உயரத்தைச் சொல்கிறது. மலைப் பஸ்ஸில் நம் காது அடைப்பதும் இதனால்தான். அன்றைய காற்றழுத்தத்துக்கு ஏற்ப முள்ளைத் திருத்தி வைக்க வேண்டும். பத்து மில்லிபார் பிசகினால் சுமார் 280 அடி பிசகும். மலைக்கு மேலே 280 அடி சின்ன விஷயமா?

செயற்கை அடிவானம் என்ற கருவிக்குள் சுழல்வது ஒரு பம்பரம். வேகமாகச் சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கும் அல்லவா? விமானம் எப்படிப் புரண்டாலும் அது தன் நிலை மாறாமல் நின்று, 'தரை இந்தப் பக்கம்' என்று காட்டும். பழைய விமானங்களில் இதைச் சுழற்றுவது ஒரு காற்று பம்ப். அது முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோவதும் உண்டு.

இன்னொரு தொல்லை: அக்காலத்தில் இடம் கிடைத்த இடத்தில் கருவிகளைப் பதித்தார்கள். விமானியின் கண் அங்கும் இங்கும் அலையும். முக்கியமான ஆறு கருவிகளுக்கு ஒரே வரிசை முறையைப் பிரிட்டிஷ் விமானப்படை 1937ல் வகுத்தது. சில பழைய முகப்புகளில் இருளில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்குவதில்லை. அதைத் திறந்து சுரண்டக் கூடாது!

இன்று பம்பரத்தின் இடத்தில் சிறு மின்னணுத் திரை வந்துவிட்டது. பம்ப் வேண்டாம், விமானத்தில் மின்சாரம் நின்றாலும் அதற்கென்று தனி பாட்டரி உண்டு. பழைய சிறு விமானங்களில் இத்தகைய திரையைப் பொருத்த அமெரிக்கா 2016ல் அனுமதித்தது.

178 வினாடி!

இத்தனை பாடு எதற்கு? 1954ல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் ஒரு சோதனை நடத்தினார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேருக்கு, விமானத்தில் வெளிப்பார்வையை மறைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 வினாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை! காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்கிறது. விமானம் திரும்பிக்கொண்டிருக்கும், நேராகப் போவதாக விமானி நம்புவார்.

நம் மாநிலமும் இதற்கு விலை கொடுத்திருக்கிறது. 2021 டிசம்பர் 8ந் தேதி குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரைப் பலிகொண்டது ஒரு ராணுவ ஹெலிகாப்டர் விபத்து. யந்திரக் கோளாறு இல்லை. திடீரென்று மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையும் நிலையும் தடுமாறியதே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. அது பெரிய, நவீன ஹெலிகாப்டர். கருவி இருந்தும் மலை மேகம் ஏமாற்றிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பணம் போட்டால் போதுமா?

புதுப் பலகையை இஷ்டப்படி மாட்டிவிட முடியாது. அரசின் விமானத் துறை அங்கீகாரம் வேண்டும். உரிமம் பெற்ற என்ஜினீயர் கையெழுத்திட வேண்டும். எடையும் சமநிலையும் மறுபடி கணக்கிட வேண்டும். காந்த ஊசியைத் திசைக்குத் திசை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். காற்றுக் குழாய்களில் கசிவு உண்டா என்று சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருக்கிறது. 2010ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓர் ஆய்வை வெளியிட்டது. மின்னணுத் திரை கொண்ட சிறு விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. ஆனால் உயிர்ப்பலி வாங்கிய விபத்துகளின் விகிதமோ அதிகம்! வாரியம் வற்புறுத்தியது எதை? பயிற்சியை. புதுத் திரையைப் பழகாமல், அது இருக்கும் தைரியத்தில் மேகத்துக்குள் போகிறவருக்கு அது கண் அல்ல, கண்கட்டு.

ஜவ்வாது மலையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில் 1972ல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. புகைப்படத் தகடுகள் போய் மின்னணுக் காமிரா வந்தது. ஆனால் அதன் முன்னே இரவெல்லாம் விழித்துப் பழகிய விஞ்ஞானி இல்லாமல் ஒரு நட்சத்திரமும் தன் ரகசியத்தைச் சொல்வதில்லை.

கண்ணைக் காசு கொடுத்து மாற்றலாம். பார்வையைப் பழகித்தான் பெற வேண்டும்!