தங்கச்சியோட நீட் கோச்சிங் ஃபீஸுக்கு வரிச்சலுகை உண்டா?

பிளஸ் டூ தேர்வு முடிஞ்சதும் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற பலருக்கு வீட்டிலிருந்து போன் வரும். தங்கச்சிக்கு நீட் கிராஷ் கோர்ஸ், ஃபீஸ் கட்டணும். கட்டின ரசீதை 80சி-யில காட்டலாமான்னு கேட்கிறீங்க.

முடியாது. 80சி-யில வர்ற டியூஷன் ஃபீஸ் நம்ம சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும்தான். அதுவும் பள்ளி, கல்லூரியில் முழுநேரப் படிப்புக்கு. தங்கச்சியும் வரமாட்டாங்க, கோச்சிங் சென்டரும் வராது. புதிய வரி முறைக்கு மாறினவங்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

கவனிக்க வேண்டியது ஜிஎஸ்டி. கோச்சிங்குக்கு 18%. நோட்டீஸ்ல 25,000 ரூபாய்னு இருந்தா, வரியோட 29,500. "வரி சேர்த்தா, சேர்க்காமலா?"ன்னு முதல்லயே கேளுங்க. "பில் வேண்டாம்னா வரி இல்லாம முடிச்சிடலாம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. வகுப்பு பாதியில நின்னா, பணத்தைத் திரும்பக் கேட்க கையில ஒரு தாள்கூட இருக்காது.

நீட்ல 720 மதிப்பெண்ணில் 360 உயிரியல். அதுக்கு அடிப்படையான என்சிஇஆர்டி புத்தகம் இணையத்துல இலவசம். ஐஐடி கான்பூரின் 'சாத்தி' தளமும் இலவசம். ஒரு வாரம் பழைய வினாத்தாள்களைப் போட வைங்க. எந்தப் பாடத்துல மார்க் விழலையோ, அதுக்கு மட்டும் செலவு பண்ணுங்க. பெரும்பாலும் அது இயற்பியலாத்தான் இருக்கும்!

தங்கச்சி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியா? அப்போ 2020-ல் வந்த 7.5% உள் ஒதுக்கீடு இருக்கு. அதுல இடம் கிடைச்சா கல்விக் கட்டணம் அரசுடையது. 6 முதல் 12 வரை படிச்ச பள்ளிகள்ல இப்பவே சான்றிதழ் கேளுங்க. கவுன்சலிங் சமயத்துல லீவு போட்டு அலைய வேண்டாம்.