பட்ட மரத்தில் ஏறலாமா?



விடுமுறையில் ஊர் செல்லும் நம்மிடம் வீட்டார் ஒப்படைக்கும் வேலைகளுள் ஒன்று, பட்ட மரத்தை ஆள் விட்டு வெட்டச் செய்வது. "பட்ட மரந்தானே, ஏறி வெட்டினால் ஆயிற்று" என்போர் பலர். உண்மையில் பச்சை மரத்தினும் பட்ட மரமே அஞ்சத்தக்கது. அதன் நிலையைக் கண்டறிவது எங்ஙனம்? எங்கள் சித்தூர் வட்டத்துத் தென்னையையும், இடுக்கி மலைத் தோட்டங்களின் நிழல் மரத்தையும் கொண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில் தென்னை. அதன் தண்டில் வன்மை புறத்தே உள்ளது, நடுப்பகுதி மென்மையானது. சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் உள்ளே குடைந்து தின்றாலும் மரம் உறுதியாகவே தோன்றும். தண்டிலுள்ள துளைகளும், அவற்றில் வழிந்த பழுப்பு நீரின் கறையும், அரிவாள் முதுகால் தட்டும்போது எழும் உள்ளீடற்ற ஓசையும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். அடித்தண்டில் தட்டுப்போலக் காளான் முளைத்திருந்தால் வேரும் அழுகியதென்று கொள்க. 1952-இல் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்ட 'தஞ்சாவூர் வாடல் நோய்'க்கும் இதுவே அடையாளம். பாலக்காட்டுக் கணவாயோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ளது. அதன்வழி பாயும் ஆடிக்காற்றின்முன் வேரழுகிய தென்னை எம்மாத்திரம்?

இடுக்கியில் நிலை வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள் அங்கே தேயிலைக்கு நிழலாகவும் மிளகுக்குக் கொழுகொம்பாகவும் நிற்கின்றன. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அதை மக்கச் செய்யும் பூஞ்சை வளராது. ஆனால், மழையும் மூடுபனியும் மிகுந்த மலையில் மரம் உலர்வதேது? அதிலும் ஈரமும் காற்றும் ஒருங்கே கிட்டும் தரைமட்டத்தில்தான் அழுகல் மிகும். ஆகவே அண்ணாந்து பார்க்குமுன் குனிந்து பாருங்கள். அடிமண்ணை விலக்கிக் கம்பியால் குத்துங்கள். எளிதில் இறங்கினால் எவரையும் ஏற விடாதீர்கள். அடியில் மண் வெடித்திருந்தாலும், மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலும் அவ்வாறே. பட்டபின் எத்தனை மழைக்காலம் கடந்தது என்றும் கேளுங்கள்.

"இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறாரே" எனலாம். அக்கயிற்றின் மறுமுனையும் அதே மரத்தில் அன்றோ! மரம் சாய்ந்தால் கயிறே அவரை உடன் இழுத்துச் செல்லும்.

ஐயம் எழுந்தால் தரையில் நின்றே வீழ்த்தச் சொல்லுங்கள். அப்போதும் அதிர்வில் காய்ந்த கிளை தலைமேல் விழக்கூடும்; மேலே கண் வேண்டும். அருகில் வீடோ மின்கம்பியோ இருப்பின் கிரேன் வண்டியை வரவழைப்பதே முறை. செலவு கூடத்தான் செய்யும். ஆயினும், அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர் "ஏற மாட்டேன்" என்று சொல்லத் தயங்குவார். அச்சொல்லை மரத்துக்கு உரிய நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.