உலக்கண்ணேசுவரர் கோயில், மாமல்லபுரம்

உலக்கண்ணேசுவரர் கோயில் என்பது செங்கல்பட்டு மாவட்டம், மாமல்லபுரத்தில் குன்றின் மீது அமைந்துள்ள பல்லவர் காலச் சிவன் கோயில் ஆகும். இது ஒலக்கண்ணேசுவரர் கோயில் எனவும் எழுதப்படும். கோயிலாகக் கட்டப்பட்ட இக்கட்டடம், விக்டோரியா அரசி காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. அதனால் ‘பழைய கலங்கரை விளக்கம்’ என்ற பெயரும் இதற்கு உண்டு.

கட்டட அமைப்பு

இக்கோயிலை இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் (8ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) கட்டியதாகக் கருதப்படுகிறது. இதன் கீழே உள்ள மகிடாசுரமர்த்தினி மண்டபம் பாறையைக் குடைந்து செய்யப்பட்டது. மேலே உள்ள கோயிலோ, வெட்டிய கருங்கற்களை அடுக்கிக் கட்டிய கற்றளி. பல்லவர் கையாண்ட இருவகைக் கட்டடமுறைகளையும் ஒரே பாறையில் இங்கு ஒப்பிட்டுக் காணலாம். சுவர்களில் தட்சிணாமூர்த்தி, கயிலாயத்தை அசைக்கும் இராவணன், ஆடும் சிவன் ஆகிய சிற்பங்கள் உள்ளன. விமானத்தின் மேல்தளங்களும் சிகரமும் இப்போது இல்லை. கருவறையில் மூலவர் திருமேனியும் இல்லை.

கலங்கரை விளக்கமாக

ஐரோப்பிய மாலுமிகள் மாமல்லபுரத்தை ‘ஏழு கோயில்கள்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். பகலில் கரையை அறிய அக்கோயில்கள் உதவின. இரவில் அவை கண்ணுக்குத் தெரியா. ஆங்கிலேயர் ஆட்சியில், 1887இல் இக்கோயிலின் கூரைமேல் விளக்கு அமைக்கப்பட்டது. குன்றின் உச்சியில், கடலை நோக்கிய உறுதியான கட்டடம் ஏற்கெனவே இருந்ததால், விளக்கை உயர்த்தத் தனிக் கோபுரம் தேவைப்படவில்லை. பின்னர் அருகிலேயே வட்ட வடிவக் கற்கோபுரம் எழுப்பப்பட்டு, 1904 முதல் ஒளி தரத் தொடங்கியது. கோயிலின் விளக்குப் பணி அத்துடன் முடிந்தது.

பெயரால் எழும் குழப்பம்

‘பழைய கலங்கரை விளக்கம்’ என்னும் பெயரைக் கேட்போர், பல்லவர் இதை விளக்கிற்காகவே கட்டினர் என எண்ணுவதுண்டு. கருவறை, வாயிற்காவலர், சிவ வடிவங்கள் ஆகியவை இது வழிபாட்டிற்காக எழுந்தது என்பதைக் காட்டுகின்றன. விளக்குப் பணி நீடித்தது இருபது ஆண்டுகளுக்கும் குறைவே. கோயிலின் வயதோ ஏறத்தாழ 1,300 ஆண்டுகள். ஆயினும் அந்தக் குறுகிய காலப் பயன்பாடே மக்கள் வழக்கில் பெயராக நிலைத்துவிட்டது.

இன்றைய நிலை

இக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்கள் 1984இல் யுனெசுகோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. 1904ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் 2011 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. அதன் மேலிருந்து பார்த்தால், கோயிலும் அதற்குப் பின்வந்த விளக்கும் ஒரே குன்றைப் பகிர்ந்துகொள்வதைக் காணலாம்.