கடலைப் பார்த்த கப்ஸ் கோயில்

உப்புக் காற்று பட்டால் சுவர் பொரிந்து உதிரும். மரக்காணத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த ஊர் உப்பளப் பாத்திகளைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. அங்கே பழைய பிரெஞ்சுக் குடியிருப்பில், துய்மா வீதியில், அதே உப்புக் காற்றில் கடலைப் பார்த்து நிற்கிறது தூய தேவதைகள் அன்னை ஆலயம். ஊர்க்காரர்களுக்கு அது கப்ஸ் கோயில். பிரெஞ்சுப் பொறியாளர் லூயி கெர் கட்டியது, 1855-இல் முடிந்தது.

வெளியே இளஞ்சிவப்பு முகப்பு, இரட்டைக் கோபுரம். ஆனால் பார்க்கவேண்டியது உள்சுவர்தான். சுண்ணாம்பை நன்றாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள். பளிங்கு என்றே நினைக்கத் தோன்றும். செட்டிநாட்டு வீடுகளிலும் இந்தக் கைவேலை உண்டு.

தமிழ், ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் இங்கே திருப்பலி நடக்கிறது. ஆலயத்துக்கு எதிரே, சின்னப் பூங்காவில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. கடற்கரைக்கு அவசரமாகப் போகிறவர்கள் இரண்டையும் கவனிக்காமல் தாண்டிவிடுவதுண்டு. காலையில் போங்கள், முகப்பில் நேராக வெயில் விழும், படம் எடுக்கத் தோதான நேரம். திருப்பலி நடக்கும்போது மட்டும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.