ஆட்டக்காரரும் மருந்துச் சோதனையும்

வாளையாறு, சித்தூர், கோவிந்தாபுரம் எனப் பாலக்காட்டு எல்லையிலும், மூணாறு, பீர்மேடு, குமுளி என இடுக்கி மலைகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், இருமலுக்குக் கஷாயமும் உடல் தளர்ச்சிக்கு லேகியமும் தலைமுறை வழக்கம். மலைக்கு அப்பால் சித்த மருந்து, இப்பால் ஆயுர்வேதம். இரண்டும் நமக்கு அயலானவை அல்ல. ஆயினும் வீட்டுப் பிள்ளை ஒருவன் மாவட்டம், மாநிலம் என்று உயர்ந்து நாட்டின் சார்பில் ஆடப் புகும்போது, அந்தக் கஷாயக் கோப்பை பற்றியும் கேள்வி எழும். அத்தகைய பிள்ளைகள் இம்மண்ணுக்குப் புதியவர்களல்லர். இடுக்கியின் பீனாமோள் 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பாலக்காட்டு முண்டூரின் சித்ரா 2017இல் புவனேசுவரத்து ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் முதலாவதாக வந்தார்.

கூடைப்பந்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். பஞ்சாபின் சிற்றூரொன்றில் பிறந்த சத்னாம் சிங், ஏழடிக்கும் மேற்பட்ட உயரமுடையவர். 2015இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணியொன்று தேர்ந்தெடுத்த முதல் இந்தியர் அவரே. 2019இல் தெற்காசிய விளையாட்டுகளுக்கான ஆயத்த முகாமின்போது அவரிடம் பெற்ற மாதிரியில் ‘ஹைஜெனமைன்’ என்னும் பொருள் காணப்பட்டது. விசாரணையின் முடிவில் ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அது 2019 நவம்பரிலிருந்து கணக்கிடப்பட்டு 2021 நவம்பரில் நீங்கியது.

அப்பொருள் யாது? மூச்சுக்குழல்களை விரித்து, இதயத்தையும் தூண்டுவது. ஆலையில் மட்டும் பிறப்பதன்று, செடிகொடிகளிலும் உள்ளது. வச்சநாவியின் இனத்துச் செடிகள் சிலவற்றில் உண்டு. தாமரை விதையின் நடுவிலுள்ள பச்சை முளையிலும் உண்டு. நாம் நன்கறிந்த சீந்திலின் உறவுக்கொடி ஒன்றில் இருப்பதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமே குறிப்பிட்டுள்ளது. அக்கொடி சீந்திலைப் போன்றே தோன்றும். பறிப்பவர் மாற்றிப் பறித்துவிடவும் கூடும். சத்னாம் சிங்கின் உடலுக்குள் அது செடி வழியே வந்தது என்று நாம் கூறவில்லை. கேடறியாத பச்சிலையும் இப்பட்டியலுக்குள் வரக்கூடும் என்பதே நாம் காட்ட விரும்புவது.

சோதனை எளிது போலத் தோன்றினும் நுட்பமானது. போட்டி முடிந்ததும் அழைக்கலாம். முகாமிலோ வீட்டிலோ முன்னறிவிப்பின்றியும் வரலாம். ஆட்டக்காரர் தம் பாலைச் சேர்ந்த அலுவலரின் கண்ணெதிரே குறைந்தது 90 மில்லி லிட்டர் சிறுநீர் தருதல் வேண்டும். சில பெட்டிகளுள் ஒன்றை அவரே தேர்ந்து, இரு குப்பிகளில் தாமே ஊற்றி முத்திரையிடுகிறார். குப்பிகளில் எண் மட்டுமே இருக்கும், ஆய்வுக்கூடத்தார் பெயரறியார். முதற்குப்பியில் குற்றம் தென்பட்டால், இரண்டாவதைத் திறக்கும்படி கேட்கும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு. (டில்லி ஆய்வுக்கூடத்தின் அங்கீகாரம் 2019 ஆகஸ்டு முதல் 2021 டிசம்பர் வரை நிறுத்தப்பட்டிருந்தமையால், அக்காலத்தில் நம் நாட்டு மாதிரிகள் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களை நாடின.)

உடலில் காணப்படும் பொருளுக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பது இதன் அடிப்படை விதி. அறியாமல் உண்டேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லையென்றாக்காது. 2011இல் இந்திய ஓட்டக்காரப் பெண்கள் சிலர், அவர்களுள் கேரளத்தைச் சேர்ந்தோரும் இருந்தனர், பயிற்சியாளர் தந்த ஜின்செங் மருந்தே காரணம் என்றனர். முதலில் ஓராண்டாக இருந்த தடை, 2012இல் விளையாட்டு நடுவர் மன்றத்தில் ஈராண்டாயிற்று. கொடியது இவ்விதி என்று நமக்கும் தோன்றாமலில்லை. ஆனால் குப்பியைச் சோதிப்பவர் உள்ளத்தின் எண்ணத்தைச் சோதிக்க இயலாது அன்றோ!

நம்மவர்க்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. மருந்துச் சீசாவின் சீட்டு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வீட்டில் தாய் படிப்பது தமிழ். எனவே வைத்தியரிடம், “பிள்ளை போட்டிக்குப் போகிறவன்” என்று முதலிலேயே சொல்லி, சேரும் சரக்குகளின் பெயர்களைத் தாளில் எழுதி வாங்குவது நலம். கடை ரசீதையும் வைத்துக்கொள்ளலாம். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை கைப்பேசியில் மருந்துகளைத் தேடிப் பார்க்கும் வசதி தந்துள்ளது. எனினும் பல சரக்குகள் கலந்த கஷாயத்துக்கு அதில் முழு விடை கிடைக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. நோய்க்குத் தடைசெய்யப்பட்ட மருந்தே தேவையெனில், உண்பதற்கு முன் மருத்துவக் காரணம் காட்டி விலக்கு கோரலாம். அவசர சிகிச்சையாயின் பின்னரும் கேட்கலாம். சோதனைப் படிவத்தில், கடந்த ஏழு நாட்களில் உட்கொண்டவற்றை எழுதுவதற்கென்று இடம் உள்ளது. அதில் பாட்டி கொடுத்த கஷாயத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.